மூன்றாம் நாள் இறக்கம்

தாமரைச்செல்வி ஸ்பெயினுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் அந்த நாட்டின் ஒரு மூலையில் எந்த ரோடு எங்கே வளைகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

வலென்சியாவுக்கும் அலிகாண்டேவுக்கும் நடுவில், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, மலைநாடு ஒன்று இருக்கிறது. அடிவாரத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள். ஏற ஏற செர்ரி, பாதாம், அதற்கும் மேலே ஆலிவ். சரிவுகளைக் கல்லடுக்கித் தட்டுத் தட்டாக நிரவி மரம் வைத்திருக்கிறார்கள். ஊர்கள் சின்னவை. பல ஊர்களின் பெயர் ‘பெனி’ என்று தொடங்கும். ஊருக்கு நடுவே குடிதண்ணீர்க் குழாய் இருக்கும், சைக்கிளில் போகிறவர்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். இதையெல்லாம் அவள் அமெரிக்காவில், சான் ரமோனில், தன் வீட்டு மேஜையில், மதியச் சாப்பாட்டு நேரங்களில் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

தானும் கணவனும் அங்கே சைக்கிளில் போகப்போகும் பயணத்துக்கு, கார் அதிகம் ஓடாத ரோடுகளாகவே பொறுக்கினாள். மேலிருந்து எடுத்த படத்தில் ரோட்டுக்கு நடுவே வெள்ளைக்கோடு தெரியவில்லையென்றால் அது நல்ல ரோடு. ஓர் இடத்தில் ஒரு நாய் நடுரோட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மேப்புக்காக ரோட்டைப் படம் எடுக்க வந்த கார் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அந்த ரோட்டை உடனே சேர்த்துக்கொண்டாள்.

“நாய் இருக்கிற ரோடெல்லாம் எடுத்துட்டியா? மாடு இருக்கிற ரோடு ஏதாவது பாக்கியா?” என்று அவள் கணவன் நெடுஞ்செழியன் கேட்பான். இருவரும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். அன்று தொடங்கிய வா போ இன்றும் மாறவில்லை.

“நீ சும்மா பின்னாடி வந்தா போதும். வழி நான் பாத்துக்கறேன்.”

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, போன வருஷம் அவள் விழும்வரை. ஒரு மலை இறக்கத்தில், சரளைக்கல்லில் சக்கரம் வழுக்கி, வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகினார்கள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பிசியோதெரபிக்காரியும் சொன்னாள். தாமரைதான் முழுவதும் நம்பவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கச் செழியனிடம் நீட்டுவாள். அவன் ஏன் என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் போட்ட வழியில் மூன்றாம் நாள் ஒரு மலையுச்சியைத் தாண்ட வேண்டும். அதற்கப்புறம் ஆலிவ் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து நீளமான இறக்கம். மற்ற நாட்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அந்த இறக்கத்தில் மட்டும் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வர வேண்டும். கை தாங்கினால் போகலாம்.

அதே அளவு சரிவு அவர்கள் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. மார்கன் டெரிட்டரி ரோடு என்று, ஓக் மரங்களுக்கு நடுவே ஏறி, மறுபக்கம் லிவர்மோரை நோக்கிச் சட்டென்று இறங்குகிற ஒற்றைப் பாதை. ஸ்பெயினுக்குக் கிளம்பும் முன், ஒரு சனிக்கிழமை, அதில் இறங்கிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை சரஸ்வதி பூஜை.

பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி மாமி வருஷா வருஷம் தன் வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு தாமரையின் கராஜுக்கு வந்துவிடுவாள். யாரும் கூப்பிட்டதில்லை. செழியனின் அப்பா கடவுள் மறுப்பு மேடைகளில் பேசியவர். பூஜை என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததில்லை. முதல் வருஷம் மாமி வந்து நின்றபோது செழியன் திகைத்துப்போய், “எங்க வீட்ல இதெல்லாம் பண்றதில்லீங்க மாமி” என்றான். “அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு மாமி காருக்குப் பொட்டு வைத்தாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாமியின் சுண்டலுக்காகச் செழியன் அன்று சீக்கிரம் வீடு திரும்புவான்.

இந்த வருஷம் இரண்டு காருக்கும், புல் வெட்டும் மெஷினுக்கும், செழியனின் லேப்டாப்புக்கும் வைத்துவிட்டு மாமி சைக்கிள்களிடம் வந்தாள். செழியனுடையது பழைய வண்டி, பிரேக் கட்டை சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிற வகை. அதற்கு ஹேண்டில்பாரில் ஒரு பொட்டோடு விட்டுவிட்டாள். தாமரையின் சைக்கிள் புதிது. அதில் சக்கரத்தின் நடுவே, ஓட்டை ஓட்டையாக வெட்டிய பளபளப்பான எஃகுத் தட்டு ஒன்று சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக் பிடிப்பது அந்தத் தட்டைத்தான்.

மாமி குனிந்து பார்த்தாள். “அடியே, இது அச்சு அசல் சக்கரத்தாழ்வார் மாதிரியே இருக்கே!”

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மிகுந்த பொறுமையோடு, தட்டைச் சுற்றி வரிசையாகச் சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்தாள். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும். “அவ்வளவு தூரம் போறேள். அவர் பார்த்துப்பார்” என்றாள்.

தாமரை மறுநாள் வரை அதைத் தொடவில்லை. விஜயதசமி முடிந்த பிறகு ஒரு பழைய துணியை நனைத்துத் தட்டைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மஞ்சளாகப் படர்ந்து, கடைசியில் நிறம் போய்ப் பளபளவென்று ஆயிற்று.

சனிக்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். மலையின் வடக்குப் பக்கம் ஏறும்போது நல்ல பனி. ஓக் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வளைவுகளில் பிரேக்கைத் தொட்டபோது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. ஈரத்தில் அப்படிக் கத்துவது வழக்கம்தான் என்று தாமரை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உச்சியில் தண்ணீர் குடித்துவிட்டு, “நான் முன்னாடி போய் கீழ நிக்கறேன். நீ உன் இஷ்டத்துக்கு மெதுவா வா. எவனாவது ஹார்ன் அடிச்சா கண்டுக்காதே” என்று சொல்லிவிட்டுச் செழியன் இறங்கினான்.

அவளும் இறங்கினாள். முதல் வளைவு வந்தபோது இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். வண்டி கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான். இன்னும் அழுத்திப் பிடித்தாள். கீச்சென்ற சத்தம் பெரிதாயிற்று, வேகம் குறையவில்லை. பின்னால் ஒரு பிக்கப் டிரக் வந்து ஒட்டிக்கொண்டது. ஹார்ன் அடித்தது. மணிக்கட்டுக்குள் தகடு இருக்கும் இடத்தில் சுரீர் என்றது. அடுத்த வளைவில் ரோட்டோரம் காய்ந்த புல்மேடு ஒன்று மேல்நோக்கிச் சரிந்திருந்தது. வண்டியை அதில் ஏற்றினாள். புல்லில் உரசி, ஒரு காலை ஊன்றி, மாட்டு வேலிக் கம்பிக்குச் சற்று முன்னால் நின்றாள்.

டிரக் கடந்து போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பசு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.

மீதி இறக்கத்தைத் தாமரை நடந்தே வந்தாள். சைக்கிள் ஷூவின் அடியில், பெடலில் மாட்டுவதற்காக இருக்கும் துண்டு ரோட்டில் டக் டக்கென்று இடித்தது. செழியன் கீழேயிருந்து பாதி தூரம் திரும்பி ஏறி வந்து அவளைப் பார்த்தான்.

“பஞ்சரா?”

“இல்ல.”

“செயின் அறுந்துடுச்சா?”

“கை” என்றாள். “பிடிக்க முடியல செழியா. முழு பலத்தையும் போட்டேன். நிக்கல.”

வீட்டுக்கு வந்ததும் அவன் சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான். நின்றது. தெருவில் ஒரு சுற்று ஓட்டினான். சமதரையில் நன்றாகத்தான் நின்றது. வண்டியில் கோளாறு இல்லை என்பதை அவன் ஆறுதலாகச் சொன்னான். தாமரைக்கு அதுதான் தீர்ப்பாகக் கேட்டது.

அன்று சாயங்காலம், “நான் வரல” என்றாள். “நீ போய்ட்டு வா. ரூட் எல்லாம் உன் சைக்கிள் ஜிபிஎஸ்ல ஏத்தித் தரேன்.”

“நான் தனியாப் போய் என்ன பண்றது? ஆலிவ் மரத்தோட பேசறதா?”

“விளையாடாதே. மூணாம் நாள் அந்த இறக்கத்துல நான் நடந்தா வர முடியும்?”

“நட. நானும் நடக்கறேன்.”

“அதுக்கு எதுக்கு ஸ்பெயின்? இங்கயே மால்ல நடக்கலாம்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஸ்பெயினில் பதிந்து வைத்திருந்த தங்கும் வீடுகளை வேண்டாம் என்று சொல்வதானால் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். செவ்வாய் ராத்திரிவரை பேசாமல் இருப்போம், அதற்கப்புறம் நீ சொல்கிறபடி, என்று செழியன் முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகலக்ஷ்மி மாமி ஒரு பாட்டிலில் புளிக்காய்ச்சலோடு வந்தாள். செழியன் கடைக்குப் போயிருந்தான். தாமரை கராஜில் சைக்கிளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தா. வெறும் சாதம் கிடைச்சாப் போதும், கலந்துடலாம். அங்கே சாதம் கிடைக்குமோன்னோ?”

“கிடைக்கும் மாமி. ஆனா நான் போகல. கை சரியில்ல.”

“என்ன கைக்கு? நன்னாத்தானே இருந்தே!”

தாமரை நடந்ததைச் சொன்னாள். மாமி கேட்டுக்கொண்டே உறையின் ஓரத்தை விலக்கிச் சக்கரத்தைப் பார்த்தாள். அவள் முகம் சற்று வாடியது.

“நான் வெச்ச பொட்டு ஒண்ணுகூட இல்லையே.”

“நான்தான் துடைச்சேன் மாமி, ஓட்டறதுக்காக.”

“துடைச்சாலும் அவ்வளவு சுலபமாப் போகாதே! போன வருஷம் உங்காத்துக் கார்ல வெச்சது மறுநாளே காஞ்சு உதிர்ந்துடுத்து, எனக்கு மனசே ஆகலை. அதான் இந்தத் தடவை தேங்கா எண்ணெய் விட்டுக் குழைச்சேன். கெட்டியா ஒட்டிண்டு இருக்கட்டும்னு.”

தாமரை கையிலிருந்த உறையை அப்படியே வைத்தாள்.

எண்ணெய். பிரேக் தட்டில் எண்ணெய் படக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. விரலால்கூட அதைத் தொடமாட்டாள். சந்தனத்தில் இருப்பது தண்ணீர் என்று நினைத்திருந்தாள். அதை ஈரத்துணியால் தேய்த்துத் தட்டு முழுவதும் பரப்பியது அவளேதான். அப்புறம் ஒவ்வொரு முறை பிரேக் பிடித்தபோதும் கட்டைகள் அந்த எண்ணெயை உறிஞ்சியிருக்கும். மெதுவாகப் போகும்போது பிடிக்கும். மலையில் பிடிக்காது.

அப்படியானால் கை இல்லை.

அவள் வலது கையைப் பார்த்தாள். விரல்களை மடக்கி நீட்டினாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. சிரிப்புக்கூட வந்தது. அதை அடக்கிக்கொண்டு மாமியைப் பார்த்தாள். மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. உறையைத் திரும்ப ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் தாமரைக்கு முதலில் தோன்றியது. கட்டைகளை மாற்றிவிட்டால் ஆயிற்று. வயதானவளின் அன்பில் போய்க் குற்றம் கண்டுபிடிப்பானேன்? அதையும் நல்ல மனசு என்றே சொல்லிக்கொள்ளலாம்.

“சரி, நான் கிளம்பறேன்” என்றாள் மாமி. “எதிராத்துல ஊர்லேர்ந்து வந்துட்டா. அன்னிக்குப் பூட்டி இருந்ததே. அந்தப் பொண்ணு தீக்ஷாவும் இதே மாதிரி ஒரு சைக்கிள் வெச்சிண்டிருக்கா, அதே சக்கரம். ஸ்கூலுக்கு அந்த மேட்டுலேர்ந்துதானே இறங்கிப் போறது? சாயரட்சை போய் அதுக்கும் வெச்சுட்டு வந்துடறேன்.”

எதிர்வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று ஒரு பொய் சொல்லலாம். மாமி நம்புவாள். அடுத்த வருஷம் வேறொரு வீட்டில் வேறொரு சைக்கிள் இருக்கும்.

“மாமி, கொஞ்சம் உக்காருங்க” என்றாள்.

கராஜில் இருந்த மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டாள். தானும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். எதையும் சுற்றி வளைக்காமல், பிரேக் எப்படி வேலை செய்கிறது, எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று சொன்னாள். “நீங்க வெச்சது பொட்டு பொட்டாத்தான் இருந்தது. துணியால தேச்சு முழுக்கப் பூசினது நான். ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கோம்” என்றும் சொன்னாள். அது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, உண்மைதான்.

மாமி கேட்டு முடித்தாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

“நீ விழுந்திருந்தா?”

“விழலையே மாமி.”

“விழுந்திருந்தா?”

மாமி எழுந்தாள். காபி குடிக்கக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள். புல்தரையைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போகும்போது ஒருமுறை நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தாமரைக்கு அன்று முழுவதும் மனசு சரியாக இல்லை. சொல்லியது சரி என்று தெரியும். சரியானதைச் செய்துவிட்டால் உடனே நிம்மதி வந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், செழியனிடமும் எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பிரேக் கட்டைகளை எடுத்து மாட்டினாள். தட்டை ஸ்பிரிட் போட்டு, வெள்ளைத் துணியில் கறை வராமல் போகும்வரை துடைத்தாள். புதுக் கட்டை தட்டோடு பழக வேண்டும். அதற்காகத் தெருவில் கொஞ்சம் வேகமாகப் போய் நிற்கும் அளவுக்குப் பிரேக் போட்டு, மறுபடி வேகமாகப் போய் மறுபடி பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் மாமியும் அவள் கணவர் பிச்சுமணி மாமாவும் வந்து நின்றார்கள். மாமா ஒரு ரசாயன ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏன்னா, இவ ஏன் இப்படி நின்னு நின்னு போறா?” என்று மாமி கேட்டது தாமரையின் காதில் விழுந்தது.

“டிரெயினிங் குடுக்கறா. நீ என்கிட்ட ஆரம்பத்துல பண்ணினியே, அந்த மாதிரி.”

மாமி சிரிக்கவில்லை. தெருவில் இறங்கி வந்து தாமரையின் சைக்கிளுக்கு முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது.

“தூங்கவே இல்லை” என்றாள். “சாமிக்குன்னு பண்ணினது எப்படிடீ கெடுதலாகும்?”

மாமாதான் பதில் சொன்னார். “அதான் பகவான் புல்லு மேல கொண்டு நிறுத்தினாரே. அவர் வேலையை அவர் சரியாத்தான் பார்த்திருக்கார். நீ உன் எண்ணெயைக் குறைச்சுக்கோ.”

மாமி அதைக் காதில் வாங்காததுபோல இருந்தாள். ஆனால் வாங்கிக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. “எப்போ மறுபடி அந்த மலைக்குப் போகப்போறே?”

“நாளைக்குக் காலைல. லீவ் போட்டிருக்கேன். செழியனுக்கு ஆபீஸ்ல மீட்டிங், வர முடியாது.”

“தனியாவா?”

“தனியாத்தான் மாமி. பார்த்துடணும்.”

“பின்னாடி ஒரு வண்டி வந்து ஹார்ன் அடிச்சான்னியே?”

“ஆமா.”

மாமி கணவரைப் பார்த்தாள். மாமா வானத்தைப் பார்த்தார். பிச்சுமணி மாமா ஃப்ரீவேயில் கார் ஓட்டுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. லிவர்மோர் கோயிலுக்குக்கூட உள்ரோடுகளிலேயே போவார். மற்றவர்கள் சாமி கும்பிட்டு முடிக்கும் நேரத்தில் அவர் பாதி வழியில் இருப்பார்.

“நாங்க உன் பின்னாடி வரோம்” என்றாள் மாமி. “யார் ஹார்ன் அடிச்சாலும் எங்களைத்தான் அடிக்கணும்.”

செவ்வாய்க்கிழமை காலை சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, மாமாவின் வேனில் பின்பக்கம் படுக்க வைத்தார்கள். லிவர்மோர் பக்கமாக மலை ஏறினார்கள். மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும், “இதுக்கு ரோடுன்னு பேர் வெச்சவனைப் பார்க்கணும்” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். மாமி வாய்க்குள் ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். உச்சியில் கார் நிறுத்தும் இடத்தில் தாமரை சக்கரத்தை மாட்டினாள். பனி இல்லை. கீழே லிவர்மோரின் திராட்சைத் தோட்டங்கள்வரை தெளிவாகத் தெரிந்தது.

“மெதுவா வாங்க மாமா.”

“எனக்கு வேற ஸ்பீடே தெரியாதும்மா.”

அவள் இறங்கத் தொடங்கினாள். பின்னால் மாமாவின் வேன், இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு மினுக்க, ரோட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வந்தது.

முதல் வளைவு. பிரேக்கைப் பிடித்தாள். பிடித்த அளவுக்கு வண்டி அடங்கியது. இரண்டாவது வளைவுக்கு முன்னால் வேண்டுமென்றே முழுவதும் நிறுத்திப் பார்த்தாள். நின்றது. வேனும் நின்றது. மறுபடி புறப்பட்டாள். மணிக்கட்டு வலித்தது. வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வலித்துக்கொண்டே அது பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. வலி வேறு, பலமில்லாமை வேறு. ஒரு வருஷமாக இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தோம் என்று அவளுக்குப் புரிந்தது.

நடுவழியில் பின்னால் ஹார்ன் கேட்டது. தாமரையின் தோள்கள் தானாக இறுகின. திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி கேட்டது, நீளமாக. பிறகு நின்றுவிட்டது. வேனுக்குப் பின்னால் வந்த ஒரு டிரக்கை, மாமா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஊரில் பஸ் டிரைவர்கள் காட்டுவது போல ‘இரு, இரு’ என்று தட்டித் தட்டி அமர்த்திக்கொண்டிருந்தார். டிரக்குக்காரருக்கு அந்தச் சைகை என்ன புரிந்ததோ, அப்புறம் ஹார்ன் அடிக்கவில்லை. அந்த வரிசையில் அவரும் பொறுமையாகவே இறங்கினார்.

கடைசி வளைவுகளில் தாமரைக்கு வேன் பின்னால் வருவதே மறந்துபோயிற்று. ரோடு, அடுத்த வளைவு, அதற்கு எங்கே பிடித்து எங்கே விட வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. சமதரைக்கு வந்து, வேலியோரம் நிழலில் நின்று திரும்பிப் பார்த்தபோது ரோட்டில் யாரும் இல்லை. தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் கழித்து மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டு வேன் வந்தது. டிரக்குக்காரர் கடந்து போகும்போது ஜன்னல் வழியே அவளைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுப் போனார்.

மாமி வேனிலிருந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

“பின்னாடி வரோம்னு சொன்னா, இப்படியா விட்டுட்டுப் போறது? எங்கே போனேன்னு தெரியாம எனக்கு உயிரே போயிடுத்து!”

“நீங்க வரலையேன்னு நான்தான் காத்துட்டு நிக்கறேன் மாமி.”

மாமா வேனிலிருந்தபடியே, “பிரேக் நன்னா இருக்கா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு மாமா.”

“என்னோடதுதான் தீயறது போல இருக்கு.” உண்மையில் ஒரு கருகல் வாசனை வந்துகொண்டிருந்தது. வண்டி கொஞ்சம் ஆறட்டும் என்று அங்கேயே நின்றார்கள். தாமரை செழியனுக்கு, ‘கேன்சல் பண்ணாதே’ என்று மெசேஜ் அனுப்பினாள். மீட்டிங்கில் இருந்தவன் உடனே பதில் போட்டான்: ‘எதை?’

“இவ்வளவு தூரம் வந்துட்டு கோவிலுக்குப் போகாமப் போறதா?” என்றாள் மாமி.

தாமரை தன்னைக் குனிந்து பார்த்தாள். தொடையை இறுக்கிப் பிடித்த சைக்கிள் டிராயர். “இந்த டிரெஸ்ல எப்படி மாமி உள்ள வர்றது?”

மாமி வேனுக்குள் குனிந்து, பின்சீட்டில் மடித்து வைத்திருந்த சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையை எடுத்தாள். தாமரையின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். “இப்போ வா.”

சால்வையின் முனையைச் செருகிக்கொண்டு தாமரை வேனுக்குப் பின்னாலேயே சைக்கிளில் கோயில்வரை வந்தாள். வார நாள் காலை, கோயிலில் கூட்டமில்லை. சிவன் சன்னிதியில் மாமி வழக்கமாக ஆஸ்டினில் இருக்கும் தன் மகன் பெயருக்கு அர்ச்சனை செய்வாள். இன்று அர்ச்சகர் பெயர் கேட்டபோது, “தாமரைச்செல்வி” என்றாள்.

“நட்சத்திரம்?”

மாமி தாமரையைப் பார்த்தாள். தாமரை உதட்டைப் பிதுக்கினாள். “எங்க வீட்ல பாத்ததே இல்லைங்க.”

“பரவாயில்லை, சுவாமி பேர்லயே பண்ணிடலாம்” என்றார் அர்ச்சகர். அப்படியே செய்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தீபாராதனை முடிந்து எல்லோரும் நகர்ந்த பிறகும் சற்று நேரம் நின்றாள். என்ன கேட்டாள் என்று தாமரை கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மாமா வேனின் பின்கதவைத் திறந்தார். “வண்டியை ஏத்திடலாமா?”

“இல்ல மாமா. நான் சைக்கிள்லயே வீட்டுக்கு வந்துடறேன்.”

தாமரை இடுப்பிலிருந்த சால்வையை அவிழ்த்து மடித்து நீட்டினாள்.

“அங்கே குளிருமா?” என்று கேட்டாள் மாமி.

“காலைல குளிரும். மலை மேல அதிகமா இருக்கும்.”

“அப்போ நீயே வெச்சுக்கோ.”

தாமரை சால்வையைச் சுருட்டிச் சட்டையின் முதுகுப் பையில் திணித்தாள். முழுவதும் அடங்கவில்லை. ஒரு முனை வெளியே தொங்கியது. மாமி அதை உள்ளே தள்ளிவிட்டு, பையின் வாயை இழுத்து மூடினாள். தாமரை ஏறி மிதித்தாள். கோயில் தெரு முடியும் இடத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தது. பிரேக் பிடித்து நின்று, திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். பச்சை விழுந்ததும் மேற்கே, சான் ரமோன் பக்கம் திரும்பினாள்.